அட்ரினல் நோயறிதலில் அளவீட்டு முறையின் பங்கு

ஒருவரிடமிருந்து ஒரே வேளையில் எடுத்த இரத்தத்தை இரு குழாய்களில் பகிர்ந்து, இரு வேறு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அதில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம் உள்ளதென ஒரு கூடம் அறிவிக்கிறது. 15 மைக்ரோகிராம் என்கிறது மற்றொன்று. சுரப்பியைத் தூண்டிய பின்னர் இந்த அளவு 18-ஐ எட்டவில்லையெனில் அட்ரினல் சுரப்பி குன்றியிருக்கிறது என்பது நெடுங்காலமாகப் பாடநூல்கள் கூறிவந்த விதி. ஆகவே முதல் அறிக்கையைக் கண்ட மருத்துவர் நோயில்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்புவார். இரண்டாம் அறிக்கையைக் கண்டவர் ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மாத்திரையை எழுதித் தருவார். இரு கூடங்களிலும் எவரும் தவறு செய்யவில்லை. கருவிகள் பழுதாகவும் இல்லை. அவை அளக்கும் முறை வேறு; அவ்வளவே.

இவ்வேறுபாடு ஏன் எழுகிறது, நோயறிதலை அது எங்கெங்கே பாதிக்கிறது, பரிசோதனை வசதிகளைப் பொதுச் செலவில் விரிவாக்கி வரும் நம் நாட்டில் நிருவாகத்தினர் இதில் கவனிக்க வேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுரப்பியும் அதன் கோளாறுகளும்

சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் எடையே உடையவை. இவற்றின் புறணிப் பகுதி மூவகை ஹார்மோன்களைச் சுரக்கிறது. உடல் நெருக்கடியைத் தாங்கவும், இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் நிலைகுலையாதிருக்கவும் உதவுவது கார்ட்டிசால். உடலில் உப்பையும் பொட்டாசியத்தையும் ஒழுங்குபடுத்துவது அல்டோஸ்டிரோன். மூன்றாவது வகை, ஆண்தன்மை தரும் ஹார்மோன்கள். சுரப்பியின் உட்பகுதியில் தோன்றுவது அட்ரினலின்.

கார்ட்டிசால் குன்றும் நோயை 1855-ல் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் விவரித்தார். அவர் கண்ட நோயாளிகள் பலருக்கு அதற்குக் காரணம் காசநோய். மேலை நாடுகளில் இன்று உடலின் தன்னெதிர்ப்பே முதன்மைக் காரணமாகிவிட்டது. இந்தியாவிலோ காசநோய் இன்னும் புறக்கணிக்க முடியாத காரணமாகவே இருக்கிறது. கார்ட்டிசால் மிகுவதால் வரும் நோய் ஹார்வி குஷிங்கின் பெயராலும், அல்டோஸ்டிரோன் மிகுந்து இரத்த அழுத்தம் ஏறும் நோய் 1955-ல் அதனை விவரித்த ஜெரோம் கானின் பெயராலும் வழங்குகின்றன. குழந்தை பிறக்கும்போதே நொதிக் குறைபாட்டால் கார்ட்டிசால் உற்பத்தி தடைப்படும் பிறவிக் கோளாறும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இந்நோய்களின் அறிகுறிகள் ஏமாற்றும் இயல்புடையவை. அசதி, எடைக் குறைவு, பசியின்மை, தலைசுற்றல் ஆகியவை எத்தனையோ நோய்களுக்குப் பொதுவானவை. உடற்பருமனும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒருங்கே உடையவர் நம்மிடையே கோடிக்கணக்கில் உள்ளனர்; அவருள் குஷிங் நோயாளர் மிகச் சிலரே. எனவே முடிவு பெரும்பாலும் ஆய்வுக்கூட எண்ணின் மேல்தான் நிற்கிறது. எண் பிழைத்தால் நோயறிதலும் பிழைக்கும். குறைபாடு உடையவருக்கு அது இல்லை என்று கூறிவிட்டால், அடுத்த காய்ச்சலிலோ அறுவையிலோ அவர் அட்ரினல் நெருக்கடிக்கு உள்ளாகி உயிரிழக்கக்கூடும். குறைபாடு இல்லாதவருக்கு உண்டென்று கூறினால், வேண்டாத ஸ்டிராய்டு மருந்து எலும்பையும் சர்க்கரையையும் ஆண்டுக்கணக்கில் கெடுக்கும்.

அளவீட்டு முறைகள் வளர்ந்த வரலாறு

இரத்தத்திலுள்ள கார்ட்டிசாலை முதலில் அளந்தவர்கள் வேதிவினையால் எழும் நிறத்தையும், பின்னர் கந்தக அமிலத்தில் தோன்றும் ஒளிர்வையும் பயன்படுத்தினர். இம்முறைகள் கார்ட்டிசாலை மட்டும் அளக்கவில்லை. அதனையொத்த பிற ஸ்டிராய்டுகளையும் சேர்த்தே அளந்தன. இன்றும் புழங்கும் சில வரம்பெண்கள் அக்காலத்தில் பிறந்தவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் சாலமன் பெர்சனும் ராசலின் யாலோவும் இன்சுலினை அளப்பதற்கு உருவாக்கிய ‘ரேடியோ இம்யூனோ அஸே’ முறை இத்துறையைத் தலைகீழாக மாற்றியது. அளக்க வேண்டிய ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை உருவாக்கி, கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோனும் நோயாளியின் ஹார்மோனும் அதற்காகப் போட்டியிடுமாறு செய்வதே அம்முறையின் சாரம். பெர்சன் 1972-ல் மறைந்துவிட்டமையால் 1977-ஆம் ஆண்டின் நோபல் பரிசு யாலோவுக்குக் கிட்டியது. பிற்காலத்தில் கதிரியக்கத்தின் இடத்தை ஒளிரும் வேதிப்பொருள் பிடித்துக்கொண்டது. கைவேலையைத் தானியங்கிக் கருவி ஏற்றது. எனினும் அடிப்படை அதுவே: எதிர்ப்பொருள் எதனைப் பற்றுகிறதோ அதுவே அளவாகிறது.

முறையின் வலிமையும் பலவீனமும் இங்கேதான் உள்ளன. ஸ்டிராய்டுகள் யாவும் ஒரே நான்கு வளையக் கட்டமைப்புடையவை. ஓரிடத்தில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுவதோ குறைவதோதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. கார்ட்டிசாலுக்கென உருவாக்கிய எதிர்ப்பொருள் அதன் உறவினங்களையும் ஓரளவு பற்றிக்கொள்ளும். எந்த அளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

இதற்கு மாற்றாக வந்தது, திரவ வண்ணப்பிரிகையும் நிறைநிறமாலைமானியும் இணைந்த முறை. முதலில் மூலக்கூறுகளைப் பிரித்து, பின்னர் அவற்றின் நிறையைக் கொண்டும், உடைத்தபின் தோன்றும் துண்டுகளின் நிறையைக் கொண்டும் அடையாளம் காண்பதால், இது உறவினங்களிடையே பெரிதும் குழம்புவதில்லை. ஆயினும் இதனைப் பிழையற்றதெனப் போற்றுவாருடன் உடன்பட இயலாது. ஒரே நிறையுடைய மூலக்கூறுகள் சரியாகப் பிரியாவிடில் இதுவும் ஏமாறும். பல கூடங்கள் தத்தமக்கென்று செயல்முறை வகுத்துக்கொள்வதால் அவற்றினிடையேயும் வேறுபாடு எழுகிறது. கருவியின் விலையோ கோடி ரூபாய்க் கணக்கில். இயக்குவதற்குத் தேர்ச்சி பெற்ற வேதியியலாளரும் வேண்டும்.

பதினெட்டு என்னும் எண்

கார்ட்டிசால் குறைபாட்டைக் கண்டறியும் வழக்கமான சோதனையில், சுரப்பியைத் தூண்டும் செயற்கை ஹார்மோன் 250 மைக்ரோகிராம் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது; 30 அல்லது 60 நிமிடத்தில் கார்ட்டிசால் எவ்வளவு உயர்கிறது என்று பார்க்கப்படுகிறது. சினாக்தென் எனப்படும் அம்மருந்து நம் நாட்டில் எளிதிற் கிடைக்காமையால், ஆக்டான் புரோலாங்கேட்டம் என்னும் நீடித்துச் செயற்படும் மருந்தை நம் மருத்துவர்கள் அதற்கீடாகப் பயன்படுத்தி ஆய்வு முடிவுகளையும் வெளியிட்டுள்ளனர். எந்த மருந்தாயினும், கேள்வி எங்கே கோடு போடுவது என்பதே.

டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராம், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 500 நானோமோல் என்ற கோடு பழைய முறைகளைக் கொண்டு போடப்பட்டது. உறவினங்களையும் சேர்த்து அளக்கும் முறையில் நலமுடையவரின் கார்ட்டிசால் உயர்வாகத் தெரியும். ஆகவே கோடும் உயர்வாக அமைந்தது. எதிர்ப்பொருள்கள் கூர்மையடையக் கூர்மையடைய நலமுடையவரின் அளவும் தாழ்ந்து தெரிகிறது. கோடு மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், நலமுடையவர் பலர் கோட்டுக்குக் கீழே தள்ளப்படுவர்.

இது கற்பனை அன்று. உலகெங்கும் பயன்படும் ரோஷ் நிறுவனக் கருவியில் பழைய பலவகை எதிர்ப்பொருளுக்குப் பதிலாக ஒருவகை எதிர்ப்பொருளைக் கொண்ட இரண்டாம் தலைமுறை வினைப்பொருள் வந்தபோது, அதே இரத்தத்தில் கார்ட்டிசால் அளவு ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு குறைந்து தெரிந்தது. இத்தகைய புதிய முறைகளுக்கும் நிறைநிறமாலைமானிக்கும் உரிய கோடு 14-க்கும் 15-க்கும் இடைப்பட்டது என்று 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதற்கு முன்னரே 2013-ல் ஐக்கிய இராச்சியத்தில் நலமுடைய தொண்டர்களின் இரத்தத்தைப் பல கருவிகளில் அளந்து பார்த்து, ஒவ்வொரு கருவிக்கும் கோடு தனித்தனியே அமைய வேண்டும் என்று கண்டிருந்தனர்.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 19-உம் 15-உம் இப்போது விளங்கும். பழைய முறையில் 19, புதிய முறையில் 15: இரண்டும் நலத்தையே குறிக்கின்றன. பிழை எண்ணில் இல்லை. ஒரு முறையின் எண்ணை மற்றொரு முறையின் கோட்டோடு ஒப்பிட்டதில் இருக்கிறது.

பொருளியல் பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2001-லிருந்து 2016-க்கு மாற்றப்பட்டபோது, 2.88 என்னும் இணைப்புக் காரணியும் உடன் அறிவிக்கப்பட்டது. அதனைக் கொண்டு பெருக்காமல் புதிய குறியீட்டைப் பழையதோடு வைத்து அகவிலைப்படி கணக்கிட எந்தக் கணக்கு அலுவலரும் துணியமாட்டார். தேசிய மாதிரி ஆய்வின் 55-ஆம் சுற்றில் (1999–2000) உணவுச் செலவைக் கேட்கும் நினைவுக் காலம் மாறியதால், வறுமை விழுக்காட்டில் தெரிந்த வீழ்ச்சி எவ்வளவு மெய், எவ்வளவு வினாத்தாளின் விளைவு என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டனர். விலைக்கும் வறுமைக்கும் நாம் காட்டும் இந்த எச்சரிக்கை, மருத்துவமனையில் கருவி மாறும்போது காணப்படுவதில்லை என்பதே வியப்பு.

கோட்டின் மறுபக்கத்திலும் இதே சிக்கல்தான். கார்ட்டிசால் மிகுதியை அறிய இரவில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் காலை கார்ட்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் உள்ளதா என்று பார்ப்பர். அத்தகைய தாழ்ந்த அளவில் பல கருவிகள் தடுமாறுகின்றன, 1.6-க்கும் 2.0-க்கும் இடையே அவை காட்டும் வேறுபாடு பொருளற்றதாகவும் இருக்கலாம். 24 மணி நேரச் சிறுநீரில் அளக்கும்போது எதிர்ப்பொருள் முறை கார்ட்டிசாலின் சிதைவுப் பொருள்களையும் சேர்த்துக்கொள்வதால், அதன் இயல்பு மேல்வரம்பு நிறைநிறமாலைமானியின் மேல்வரம்பைவிட மிக உயர்வாக அமைகிறது. நள்ளிரவு உமிழ்நீரிலோ, உமிழ்நீர்ச் சுரப்பியே கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதனையும் எதிர்ப்பொருள் ஓரளவு பற்றும்.

மருந்துகள் செய்யும் குழப்பம்

நம் நாட்டு நிலைமைக்கு மிகப் பொருத்தமானது பிரெட்னிசோலோன் பற்றிய செய்தி. மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் தோல்நோய்க்கும் ஸ்டிராய்டு மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்வோர் இங்கு ஏராளம். சூரணம் என்று நம்பி உண்ணும் பொடியில் ஸ்டிராய்டு கலந்திருப்பதும் உண்டு. நீண்டகாலம் இவ்வாறு உட்கொள்பவரின் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. அவருடைய இரத்தத்தில் மெய்யான கார்ட்டிசால் அறவே குறைந்திருக்க வேண்டும்.

ஆனால் பிரெட்னிசோலோன் கட்டமைப்பில் கார்ட்டிசாலுக்கு மிக நெருங்கியது. பல எதிர்ப்பொருள் முறைகள் அதனைக் கார்ட்டிசால் என்றே எண்ணிக் கணக்கிடுகின்றன. மாத்திரை உட்கொண்ட காலையில் எடுத்த இரத்தம் இயல்பான எண்ணையே காட்டும். அதனை நம்பி மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விளைவு ஆபத்தானது. டெக்சாமெத்தசோன் இவ்வாறு குழப்புவதில்லை. ஹைட்ரோகார்ட்டிசோனோ கார்ட்டிசாலேதான், ஆகையால் அதனை எந்த முறையாலும் பிரித்தறிய இயலாது. எனவே மருந்தை உரிய கால அளவு நிறுத்திவைத்த பின்னரே இரத்தம் எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்த காலை இரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பின் சுரப்பி மீண்டுவிட்டது என்றும், 5-க்குக் கீழாயின் மீளவில்லை என்றும் 2024-ல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இடைப்பட்டோர்க்குக் காத்திருப்பும் மறுசோதனையும் தேவை.

கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜனின் விளைவு வேறு வகையானது. இரத்தத்தில் கார்ட்டிசாலின் பெரும்பகுதி ஒரு புரதத்தோடு பிணைந்தே செல்கிறது; ஏறத்தாழ 5 விழுக்காடுதான் தனித்து இயங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் அப்புரதத்தை மிகுவிப்பதால் மொத்த அளவு உயர்ந்து தெரியும். செயற்படும் பகுதி மாறுவதில்லை. கல்லீரல் இறுகிய நோயாளியிடம் இதன் எதிர்மறை நிகழும். இங்கு நிறைநிறமாலைமானியும் உதவாது. ஏனெனில் அதுவும் மொத்தத்தைத்தான் அளக்கிறது.

மயிரும் நகமும் வளர்வதற்கென்று விற்கப்படும் பயோட்டின் வைட்டமின் பற்றியும் ஒரு சொல். பல தானியங்கிக் கருவிகள் பயோட்டினும் ஸ்டிரெப்டாவிடின் என்னும் புரதமும் ஒட்டிக்கொள்ளும் இயல்பையே தம் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால், போட்டி முறையில் அளக்கப்படும் கார்ட்டிசால் பொய்யாக உயர்ந்தும், இரு எதிர்ப்பொருள்களுக்கிடையே சிக்கவைத்து அளக்கப்படும் அட்ரினல் தூண்டு ஹார்மோன் பொய்யாகத் தாழ்ந்தும் தெரியும். இவ்விரண்டும் சேர்ந்தால் அட்ரினல் கட்டியின் தோற்றம் அப்படியே அமைந்துவிடும். 2017-ல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பயோட்டின் குறுக்கீடு பற்றி எச்சரிக்கை விடுத்தது. குறுக்கீட்டைத் தவிர்க்கும் வினைப்பொருள்களை நிறுவனங்கள் பின்னர்க் கொண்டுவந்துள்ளன. பழையவை எங்கெங்கே இன்னும் பயனில் உள்ளன என்பதை அந்தந்தக் கூடமே சொல்ல வேண்டும்.

அல்டோஸ்டிரோனும் ரெனினும்

இரத்தத்தில் அல்டோஸ்டிரோனின் செறிவு கார்ட்டிசாலின் செறிவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. கூட்டத்தில் ஒருவரைத் தேடும் வேலை அது. ஆகவே எதிர்ப்பொருள் முறை இங்கு பெரும்பாலும் மிகையாகவே அளக்கிறது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டி இதனை வெளிப்படையாக ஏற்று, டெசிலிட்டருக்கு 10 நானோகிராம் என எதிர்ப்பொருள் முறைக்கும், 7.5 நானோகிராம் என நிறைநிறமாலைமானி முறைக்கும் இரு வேறு கோடுகளைத் தந்துள்ளது. முறையைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் தருவது இனி முறையாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை. இரத்த அழுத்த நோயாளர் அனைவரையும் இந்நோய்க்காகச் சோதிக்கலாம் என்பதும் அவ்வழிகாட்டியின் பரிந்துரை. நம் நாட்டில் அதனைக் கடைப்பிடிப்பதாயின் சோதனைகளின் எண்ணிக்கை எவ்வளவு பெருகும் என்பதைத் திட்டமிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அல்டோஸ்டிரோனை ரெனினால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே முதற்கட்டச் சோதனை. ரெனினையோ செயல்திறனாகவும் அளக்கலாம், செறிவாகவும் அளக்கலாம். அலகுகள் வேறு, ஆகவே விகிதமும் வேறு. வகுக்கும் எண்ணான ரெனின் மிகத் தாழ்ந்திருக்கும்போது சிறு பிழையும் விகிதத்தைப் பெரிதாக ஊதிவிடும். இங்கு மாணவர்கள் மறவாதிருக்க வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. ஹார்மோன் சோதனைக்கான இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைப்பதே நல்லது என்ற எண்ணம் ஆய்வுக்கூட ஊழியரிடையே வேரூன்றியுள்ளது. அட்ரினல் தூண்டு ஹார்மோனுக்கு அது மெய்; அறை வெப்பத்தில் அது விரைந்து சிதையும். ரெனினுக்கோ அது தீங்கு. குளிர்ச்சியில் செயலற்ற முன்னோடிப் பொருள் செயற்படும் ரெனினாக மாறி, அளவு உயர்ந்து, விகிதம் தாழ்ந்து, நோயாளி நலமுடையவர் எனத் தவறாகக் கருதப்படுவார். ஒரே நோயாளியிடம் எடுத்த இரு குழாய்களில் ஒன்று பனிக்கட்டியிலும் மற்றொன்று அறை வெப்பத்திலும் செல்ல வேண்டியிருக்கிறது. குழாய் செல்லும் பாதையில் நேரும் இத்தவறை எத்துணை விலையுயர்ந்த கருவியாலும் பின்னர்த் திருத்த இயலாது.

பச்சிளங் குழந்தைகளின் பரிசோதனை

பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்னும் கோளாறில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை 21-ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதியின் குறைபாட்டால் வருபவை. கடுமையான வகையில் உடல் உப்பை இழந்து, பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தை இறந்துவிடக்கூடும். பெண் குழந்தையிடம் பிறப்புறுப்பின் மாறுபாடு ஐயத்தை எழுப்பும். ஆண் குழந்தையிடம் புறத்தோற்றத்தில் ஒன்றும் தெரியாது. வாந்தியும் சோர்வுமாய் இறந்த ஆண் குழந்தைக்குக் காரணம் வயிற்றுப்போக்கு என்றே பதிவாகிவிடலாம். குதிகாலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம், காலத்தில் அளந்தால், இதனைக் காட்டிக்கொடுக்கும். மருந்தும் விலை மலிவானது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய மையங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து 2018-ல் வெளியிட்ட முடிவு, 5,762 பிறப்புகளுக்கு 1 என இக்கோளாற்றின் வீதத்தைக் காட்டியது. சென்னையில் அது ஏறத்தாழ 2,000-க்கு 1. உறவினரிடையே திருமணம் மிகுந்த பகுதிகளில் இத்தகைய பரம்பரைக் கோளாறுகள் கூடுதலாகக் காணப்படுவது எதிர்பார்க்கத்தக்கதே.

இங்கு அளக்கப்படுவது 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன். குறைமாதக் குழந்தையின் அட்ரினல் சுரப்பியில் கருவுக்கே உரிய பகுதி இன்னும் சுருங்காதிருப்பதால், அது சுரக்கும் சல்பேட்டு ஸ்டிராய்டுகளையும் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்கிறது. எனவே நலமான குறைமாதக் குழந்தைகள் பலர் நோயுடையவராகத் தோன்றுவர். பிறந்து 48 மணி நேரத்துக்குள் எடுத்தாலும் அளவு உயர்ந்தே இருக்கும். பேறுகால விடுதியிலிருந்து தாய்மார் மறுநாளே வீடு திரும்பும் இடங்களில் இது சிறிய இடையூறன்று.

இதன் பொருளாதாரத்தை ஒரு கணக்கால் காட்டலாம். எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. 1 லட்சம் குழந்தைகளில் மெய்யான நோயாளர் 17 பேர். சோதனை அவர்களுள் எவரையும் தவறவிடவில்லை. ஆனால் நலமுடையவருள் 0.5 விழுக்காட்டினரை நோயாளர் என்கிறது. அப்படியாயின் 517 குடும்பங்களுக்கு அச்சமூட்டும் செய்தி செல்லும். அவற்றுள் மெய்யானது 17, அதாவது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தவறான நோய்க்குறி 0.1 விழுக்காடாகக் குறைந்தால் அழைக்கப்படுவோர் 117. மெய்யானது 15 விழுக்காட்டை நெருங்கும். 400 குடும்பங்களின் பயணமும் கூலி இழப்பும் மறுசோதனையும் மிச்சம். மற்றொன்றும் உண்டு: மீண்டும் மீண்டும் பொய்யான எச்சரிக்கை வருமாயின், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் செவிலியரும் பெற்றோரும் விரையமாட்டார்கள். கோளாறோ விரையாதவரைப் பொறுக்காது.

இக்குறைப்புக்கு வழி, கோட்டைக் குழந்தையின் கருக்காலத்துக்கோ எடைக்கோ ஏற்ப வகுப்பதும், முதற்சோதனையில் ஐயத்துக்கு இடமான துளிகளை மட்டும் நிறைநிறமாலைமானியில் மறுபடி அளப்பதுமாகும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2004 முதல் இவ்விரு அடுக்கு முறையைக் கையாண்டது. எல்லாக் குழந்தைகளுக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஐயத்துக்குரிய சில நூறு துளிகளுக்குப் போதும். உலர்ந்த இரத்தத்துளி அஞ்சலிலும் செல்லும் என்பதால் ஒரு கருவி பல மாவட்டங்களுக்கு உதவும். பச்சிளங் குழந்தைப் பரிசோதனையில் இக்கோளாற்றையும் சேர்த்துள்ள கேரளம் போன்ற மாநிலங்களுக்கு இம்முறை ஆராயத்தக்கது.

நிருவாகத்தின் கடமை

2015-ல் தேசிய ஊரக நலப் பணியின் வழித்தோன்றலான தேசிய நலவாழ்வுப் பணியின் கீழ் இலவசப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 2019-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இன்றியமையாப் பரிசோதனைகளின் தேசியப் பட்டியலை வெளியிட்டது. பரிசோதனை மக்களுக்கு எட்டவேண்டும் என்ற நோக்கில் இவை முன்னேற்றமே. எட்டிய பரிசோதனையின் எண் எப்பொருளுடையது என்பது அடுத்த வினா.

அரசு மருத்துவமனைகளில் கருவியும் வினைப்பொருளும் ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கப்படுகின்றன. விலை குறைந்தவருக்கே ஒப்பந்தம். மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ ஒருமுறை நிறுவனம் மாறலாம். சோடியம், சர்க்கரை போன்றவற்றில் இதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஹார்மோனில் நேரும். நிறுவனம் மாறிய மறுநாள் முதல் கார்ட்டிசால் அளவுகள் கால் பங்கு தாழ்ந்து தெரிய, நோயறிதல் பிரிவின் மருத்துவருக்கு அது தெரிவிக்கப்படாமலே போகலாம். சிக்கனம் வேண்டாம் என்பது கருத்தன்று. ஒப்பந்தத்தின் விலையில் மாற்றத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதே.

தர ஏற்பு வழங்கும் தேசிய வாரியத்தின் சான்று பெற்ற கூடங்கள் வெளித் தரமதிப்பீட்டில் பங்கேற்கின்றன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பல்லாண்டுகளாக நடத்திவரும் மதிப்பீட்டுத் திட்டம் இவ்வகையில் நாடறிந்தது. ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிடுவதே அதன் செயல்முறை. ஒரு நுட்பத்தை இங்கு அறிந்துகொள்ள வேண்டும். இத்தகைய திட்டங்களில் ஒரு கூடத்தின் முடிவு, அதே கருவியைப் பயன்படுத்தும் பிற கூடங்களின் சராசரியோடு வைத்துப் பார்க்கப்படுவது வழக்கம். ஆகவே அக்கருவியே ஒட்டுமொத்தமாகக் கூடுதலாக அளந்தாலும் கூடம் தேறிவிடும். சான்றிதழ் கூடத்தின் ஒழுங்கைக் காட்டும். முறையின் மெய்ம்மையைக் காட்டுவதற்கு மேல்நிலைக் குறிப்பு முறையால் அளந்த மாதிரிகள் வேண்டும். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் தூய கார்ட்டிசாலைச் சான்றிட்ட குறிப்புப் பொருளாக வழங்குவது இந்நோக்கத்துக்கே. மண்டலத்துக்கு ஒரு குறிப்பு ஆய்வுக்கூடம் என்ற அமைப்பு நம் நாட்டில் வலுப்பெறின், மாவட்ட மருத்துவமனை விலையுயர்ந்த கருவியின்றியே தன் எண்ணை ஒப்பிட்டுக்கொள்ள இயலும். கார்ட்டிசால் சீரத்தில் நிலைத்திருப்பதால் மாதிரிகள் தொலைவிலிருந்து வருவதும் தடையாகாது.

அறிக்கைத் தாளிலும் செய்யத்தக்கது உண்டு. கார்ட்டிசால் அளவுக்கு எதிரே அளவீட்டு முறை, கருவி, வினைப்பொருளின் தலைமுறை, இரத்தம் எடுத்த நேரம் ஆகியவை அச்சிடப்பட வேண்டும். நேரம் என்பது வெறும் சடங்கன்று. காலை 8 மணியளவில் உச்சத்திலிருக்கும் ஹார்மோன் நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. பதினொரு மணிக்கு எடுத்த இரத்தத்துக்குக் காலை எட்டு மணியின் வரம்பை அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. நோயாளி உட்கொள்ளும் ஸ்டிராய்டு, கருத்தடை மாத்திரை, பயோட்டின் பற்றிய மூன்று கேள்விகளைக் கோரிக்கைப் படிவத்தில் சேர்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளில் இரண்டைச் சேர்க்கலாம். ஹார்மோன் வினைப்பொருளை அளிக்கும் நிறுவனம், குறிப்பு முறையோடு ஒப்பிட்ட விவரத்தையும், பிரெட்னிசோலோன் முதலியவற்றை எந்த அளவு பற்றுகிறது என்ற பட்டியலையும் தொழில்நுட்ப உறையிலேயே தர வேண்டும். நிறுவனம் மாறும்போது, தாழ்ந்த அளவு முதல் உயர்ந்த அளவு வரை பரவிய குறைந்தது 40 நோயாளிகளின் மாதிரிகளைப் பழைய கருவியிலும் புதிய கருவியிலும் ஒருங்கே அளந்து, வேறுபாட்டையும் புதிய கோட்டையும் நோயறிதல் பிரிவுகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். பழைய நிறுவனத்தின் கருவி ஒப்பந்தம் முடிந்த அன்றே எடுத்துச் செல்லப்படுவது நடைமுறையாதலால், இரு ஒப்பந்தங்களின் காலமும் ஒரு மாதமேனும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு தேதிகளை அமைப்பது, கொள்முதல் பிரிவு முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய வேலை.